ராபர்ட் கிரிஃபினின் வலது முழங்கால்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஓடுகிற குவாட்டர்பேக் ரொம்ப நாள் தாங்கமாட்டான் என்று அமெரிக்கன் ஃபுட்பால் வட்டாரத்தில் காலங்காலமாக ஒரு பேச்சு உண்டு. அதற்குச் சாட்சியாக எல்லோரும் முதலில் இழுக்கிற பெயர் ராபர்ட் கிரிஃபின். ரசிகர்கள் வாயில் ஆர்ஜி3. 2012-ல் தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்கு வந்தார், ஒரே சீசனில் உச்சிக்குப் போனார், முழங்கால் போனது, அதோடு ஆட்டமும் போனது. ஊரறிந்த கதை இவ்வளவுதான்.

அந்த சீசனின் ஆட்டங்களை ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்தால் இந்தக் கதை நிற்பதில்லை. கிரிஃபினுக்கு விழுந்த பெரிய அடிகள் எதுவும் கோச் வரைந்து கொடுத்த ஓட்டத்தில் விழவில்லை. அடிபட்ட காலோடு அவரைத் தொடர்ந்து ஆடவிட்டதுதான் அவரை முடித்தது. அதை நிறுத்தும் அதிகாரம் இருந்தவர்கள் நிறுத்தவில்லை. இந்த ஆய்வு 2012 டிசம்பரிலிருந்து 2013 ஜனவரி வரையிலான அந்த நான்கு வாரங்களைப் பற்றியது. மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் உள்ள சங்கதி.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவாட்டர்பேக் கைக்குத்தான் வரும், அதை ஸ்னாப் என்பார்கள். அவர் எறியலாம், பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம். தானே ஓடுவதில் இரண்டு வகை. ஒன்று, கோச் முன்கூட்டியே வகுத்த ஓட்டம்: யார் எங்கே நிற்பார்கள், யார் யாரைத் தடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, எறிய இடம் கிடைக்காமல் தப்பித்து ஓடுவது, ஸ்கிராம்பிள் என்பார்கள். இரண்டாவதில் எந்தப் பக்கமிருந்து யார் வருவார் என்று ஓடுகிறவருக்கே தெரியாது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஓட்டம்தான். முழங்காலுக்கு அப்படியில்லை.

வாஷிங்டனுக்கு வந்த வழி

கிரிஃபின் 1990 பிப்ரவரியில் ஜப்பானின் ஒகினாவாவில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜென்ட்கள். வளர்ந்தது டெக்சாஸில், ஃபோர்ட் ஹூட் முகாமுக்குப் பக்கத்தில் உள்ள காப்பரஸ் கோவ் என்ற ஊரில். தடை ஓட்டக்காரர். 2008 ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் அரையிறுதி வரை போனார். அப்போது வயது 18.

பேலர் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது வருடம், 2009 சீசனின் மூன்றாவது ஆட்டத்திலேயே வலது முழங்காலின் முன்பக்க ஜவ்வு (ஏசிஎல்) கிழிந்தது. கிழிந்த பிறகும் இடைவேளை வரை ஆடிவிட்டுத்தான் வெளியே வந்தார். இவர் தானாக வெளியே வருகிற ஆள் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. பின்னால் இவரைப் பொறுப்பேற்றவர்கள் கையில் இந்தத் தகவல் இருந்தது.

ஒரு வருடத்தில் திரும்பினார். 2011-ல் 4,293 யார்டு எறிந்து, 37 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) போட்டு, கல்லூரி ஃபுட்பாலின் பெரிய விருதான ஹைஸ்மனை வாங்கினார். பேலர் வரலாற்றில் அந்த விருது வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2012 டிராஃப்டில் முதல் இடம் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸிடம் இருந்தது. அவர்கள் ஆண்ட்ரூ லக்கை எடுக்கப்போவது ஊருக்கே தெரியும். இரண்டாவது இடம் செயின்ட் லூயிஸ் ராம்ஸுடையது. அந்த ஓர் இடத்துக்காக வாஷிங்டன் (அன்றைக்கு ரெட்ஸ்கின்ஸ், இன்றைக்கு கமாண்டர்ஸ்) தன் ஆறாவது இடத்தையும், அந்த வருட இரண்டாம் சுற்று வாய்ப்பையும், 2013, 2014 முதல் சுற்று வாய்ப்புகளையும் தூக்கிக் கொடுத்தது. இரண்டரை வருடம் கழித்து, 2014 டிசம்பரில் இரு அணிகளும் மோதியபோது, டாஸ் போட ராம்ஸ் அனுப்பிய கேப்டன்கள் ஆறு பேர்: பிராக்கர்ஸ், ஜென்கின்ஸ், ஓகில்ட்ரீ, ஸ்டேசி, பெய்லி, ராபின்சன். ஆறு பேரும் அந்த வியாபாரத்தில் கிடைத்த வாய்ப்புகளால் வந்தவர்கள். அன்று 24-0 என்று ராம்ஸ் ஜெயித்தது. கிரிஃபின் அன்றைக்கு வாஷிங்டனின் முதல் குவாட்டர்பேக் கூட இல்லை.

வாஷிங்டன் அதே 2012 டிராஃப்டில் நான்காம் சுற்றில் கர்க் கசின்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கையும் எடுத்திருந்தது. அதாவது நம்பி இறக்க நல்ல மாற்று ஆள் பெஞ்சிலேயே இருந்தார். மாற்று இல்லை என்பதால் அடிபட்டவரை ஆடவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை.

ஒரு சீசன் வேலை செய்த சூத்திரம்

தலைமை கோச் மைக் ஷனஹன். தாக்குதல் ஆட்டத்தைக் கவனித்தவர் அவர் மகன் கைல். இன்று லீகில் பெரிய பெயர்களான ஷான் மெக்வே, மாட் லஃப்ளோர், மைக் மெக்டேனியல் எல்லோரும் அன்று அந்த அணியில் இளைய உதவி கோச்கள். இத்தனை மூளைகள் சேர்ந்து கிரிஃபினுக்காகக் கல்லூரி பாணியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார்கள்: சோன் ரீட்.

அது வேலை செய்யும் விதம் இது. எதிரணியின் ஓரத்தில் நிற்கும் ஒரு தடுப்பாளரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். கிரிஃபின் பந்தை ரன்னிங் பேக் ஆல்ஃபிரட் மாரிஸின் வயிற்றில் வைத்தபடியே அந்த ஒரு ஆளைப் பார்ப்பார். அவர் மாரிஸ் பக்கம் பாய்ந்தால் பந்தை இழுத்துக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவார். அவர் கிரிஃபினுக்காகக் காத்து நின்றால் பந்து மாரிஸுடையது. அந்தத் தடுப்பாளர் எதைச் செய்தாலும் தப்பு. இதற்கு மேல் ஒரு அடுக்கும் உண்டு: மூன்றாவது தடவை அதே பாவனை காட்டிவிட்டு, இரண்டும் இல்லாமல் எறிவார். ஓட்டத்தைத் தடுக்க முன்னால் ஓடிவந்த லைன்பேக்கர்களின் (தடுப்பின் இரண்டாம் வரிசைக்காரர்கள்) தலைக்குப் பின்னால் ஒரு பெரிய காலி இடம் திறந்திருக்கும். பந்து அங்கே போகும்.

முதல் ஆட்டத்திலேயே நியூ ஆர்லியன்ஸில் 320 யார்டு எறிந்து 40-32 என்று ஜெயித்தார். பியேர் கார்சோனுக்கு எறிந்த 88 யார்டு டச்டவுன் அவர் எறிந்த முதல் டச்டவுன். எறிந்த மறுகணம் கீழே தள்ளப்பட்டு, உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தூக்கினார். அந்தப் போஸை நாடு முழுக்கப் பிள்ளைகள் செய்து படம் போட்டார்கள். அக்டோபரில் மினசோட்டாவுக்கு எதிராக 76 யார்டு ஓடி ஒரு டச்டவுன். அந்த ஓட்டத்தை மட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள். கடைசி முப்பது யார்டில் துரத்துகிறவர்கள் ஓடுவதையே விட்டுவிடுகிறார்கள்.

சீசன் முடிவில் 3,200 யார்டு, 20 டச்டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது). ஓட்டத்தில் 120 முறை, 815 யார்டு, 7 டச்டவுன். ரூக்கி, அதாவது முதல் சீசன் ஆடும் குவாட்டர்பேக்கில் அன்றைய தேதிக்கு அந்த ஓட்டம் சாதனை. மாரிஸ் 1,613 யார்டு. ஓட்டத்தில் லீகிலேயே முதல் அணி வாஷிங்டன். ஓர் எறிதலுக்குச் சராசரி 8.1 யார்டு, அதிலும் கிரிஃபின்தான் லீகில் முதல். ஓட்டம் இல்லாமல் அந்த எறிதல் இல்லை, இரண்டும் ஒன்றையொன்று தூக்கிப் பிடித்தன. இதைப் புரிந்துகொள்ளாமல் ஓடாமல் இருந்திருக்கலாமே என்று சொல்வது, அவரை வேறொரு ஆட்டக்காரராக ஆகச் சொல்வது.

அடிகள்

அக்டோபர் 7, அட்லாண்டா. கோல் கோட்டுக்குப் பக்கத்தில் எறிய ஆள் கிடைக்காமல் வலப்பக்கம் ஒதுங்கி ஓடியவரை லைன்பேக்கர் ஷான் வெதர்ஸ்பூன் மோதினார். தலையில் அடி. ஆட்டம் நடக்கும்போது அணி அதைத் தலைக்காயம் என்று அறிவிக்காமல் பூசி மெழுகியது. லீக் 20,000 டாலர் அபராதம் போட்டது. இது ஸ்கிராம்பிள்.

டிசம்பர் 9, பால்டிமோர் ரேவன்ஸ். நான்காம் கால் பகுதி, எறிய இடமில்லை, முன்னால் ஓடுகிறார், 13 யார்டு. கீழே விழும் கணத்தில் 150 கிலோவுக்கு மேல் கனமுள்ள ஹலோட்டி நாட்டா பக்கவாட்டில் வந்து மோத, வலது கால் முழங்காலுக்குக் கீழே சாட்டை போல ஒரு பக்கமாக வீசியது. முழங்காலின் வெளிப்பக்க ஜவ்வு (எல்சிஎல்) சுளுக்கு. இதுவும் ஸ்கிராம்பிள்.

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். கிரிஃபின் ஒரே ஒரு ஸ்னாப்புக்கு வெளியே போனார், கசின்ஸ் வந்தார், உடனே கிரிஃபின் திரும்பி உள்ளே போனார். நான்கு ஸ்னாப் ஒற்றைக் காலில் நொண்டியபடி ஆடி, பிறகு முடியாமல் வெளியேறினார். ஓரத்தில் நின்றவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ். அமெரிக்க விளையாட்டு உலகில் முழங்கால், தோள்பட்டை என்றால் முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையது. திரும்பி ஆட ஆண்ட்ரூஸ் சரி சொன்னார் என்று ஷனஹன் மறுநாள் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். நான்கு வாரம் கழித்து, பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்று) ஆட்டம் நடக்கவிருந்த அன்று காலை யுஎஸ்ஏ டுடேயில் ஆண்ட்ரூஸின் பேட்டி வந்தது: காலைப் பார்க்கவே தன்னை கிரிஃபின் விடவில்லை, வீரர்கள் கூட்டத்துக்குள் சுற்றி வந்து மறுபடி களத்துக்கே ஓடிவிட்டார் என்று. அதற்கும் பின்னால் ஷனஹனும் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை என்று ஆண்ட்ரூஸ் விளக்கம் கொடுத்தார்.

இரண்டு பேருமே உண்மை சொன்னார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது இன்னும் மோசம். பரிசோதனை நடக்கவில்லை, அனுமதி கிடைத்ததாக ஒருவர் நினைத்தார், கொடுக்கவில்லை என்று இன்னொருவர் நினைத்தார், நடுவில் 22 வயது ஆட்டக்காரர் தானே முடிவெடுத்துக்கொண்டு உள்ளே போனார். அணியின் மொத்த எதிர்காலத்தையும் அடகு வைத்து வாங்கிய முழங்கால் அது. அதற்கு ஐந்து நிமிடம் கூட ஒதுக்கப்படவில்லை.

அந்த ஆட்டத்தை கசின்ஸ் சமன் செய்து கொடுத்தார். கூடுதல் நேரத்தில் 31-28 என்று வாஷிங்டன் ஜெயித்தது. அடுத்த வாரம் கிரிஃபின் ஓய்வில். கசின்ஸ் கிளீவ்லேண்டில் 38-21 என்று ஜெயித்தார். ஒரு வாரம் போதும் என்று முடிவானது. டிசம்பர் 23 அன்று காலில் கறுப்பு பிரேஸ் மாட்டிக்கொண்டு கிரிஃபின் பிலடெல்ஃபியாவில் இறங்கினார். பழைய வேகம் இல்லை என்பது டிவியில் பார்த்தவர்களுக்கே தெரிந்தது. ஆனால் அணி ஜெயித்தது. 30-ம் தேதி டல்லாஸையும் ஜெயித்தது. மாரிஸ் 200 யார்டு. 3 வெற்றி, 6 தோல்வி என்று கிடந்த அணி தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்து, 1999-க்குப் பிறகு முதல் தடவையாகப் பிரிவுப் பட்டத்தைப் பிடித்தது. ஜெயிக்கிற அணியில் யாரும் காலைப் பற்றிக் கேட்பதில்லை.

ஜனவரி 6

2013 ஜனவரி 6, சியாட்டில் சீஹாக்ஸுக்கு எதிரான பிளேஆஃப், வாஷிங்டனின் சொந்த மைதானம் ஃபெடெக்ஸ்ஃபீல்டு. சீசன் முடிவில் அங்கே புல் செத்து மண் தெரிந்தது. அதே ஆட்டத்தில் சியாட்டிலின் கிரிஸ் கிளெமன்ஸுக்கும் ஏசிஎல் கிழிந்தது.

முதல் கால் பகுதியில் 14-0 என்று வாஷிங்டன் முன்னிலை. இரண்டாவது டச்டவுனுக்குச் சற்று முன், கோல் கோட்டருகே வலப்பக்கம் ஓடியபடி எறிய முயன்றபோது கிரிஃபினின் வலது கால் தரையில் ஊன்றி மடங்கியது. அப்போது யாரும் அவரைத் தொடவில்லை. எழுந்தார், நொண்டினார், அடுத்ததாக அந்த டச்டவுனையும் எறிந்தார்.

அதற்குப் பிறகு அவரால் காலை ஊன்ற முடியவில்லை. வலது கையால் எறிகிறவருக்கு எறிதலின் பலம் பின்னால் ஊன்றிய வலது காலிலிருந்து கிளம்புகிறது. கால் இல்லை என்றால் கை மட்டும்தான். பந்துகள் குட்டையாக விழுந்தன, தலைக்கு மேலே போயின. முழு ஆட்டத்துக்கும் சேர்த்து அவர் எறிந்தது 84 யார்டு. சோன் ரீட் வேலை செய்ய வேண்டுமானால் எதிரணி இவர் ஓடுவார் என்று பயப்பட வேண்டும். நொண்டுகிறவரைப் பார்த்து யார் பயப்படுவார்? சியாட்டில் நிதானமாக மேலே ஏறி வந்தது. கசின்ஸ் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றார்.

ஷனஹன் அவரிடம் கேட்டிருக்கிறார். வலிக்கிறது, ஆனால் காயமில்லை, என்னை நம்புங்கள் என்று கிரிஃபின் சொன்னதாக ஆட்டம் முடிந்ததும் ஷனஹனே சொன்னார். கிரிஃபினும் அதை மறுக்கவில்லை. என் கோபம் முழுக்க இந்தக் கேள்வியின் மேல்தான். போட்டியின் உச்சத்தில் இருக்கும் 22 வயதுக்காரரிடம் ஆட முடியுமா என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். கிழிந்த ஜவ்வோடு பேலரில் இடைவேளை வரை ஆடியவரிடம் அதைக் கேட்பதில் பொருளே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர் கேட்டவர்.

நான்காம் கால் பகுதியில் சியாட்டில் 21-14 என்று முந்தியது. ஆறு நிமிடம் சொச்சம் பாக்கி. ஸ்னாப் தாழ்வாக வந்து பந்து தரையில் உருண்டது. கிரிஃபின் குனிந்து எடுக்கத் திரும்பியபோது முழங்கால் உள்பக்கமாக மடங்கிச் சரிந்தது. எதிராளி யாரும் மோதவில்லை. பந்து சியாட்டில் கைக்குப் போனது. 24-14 தோல்வி.

ஜனவரி 9-ல் ஆண்ட்ரூஸ் அறுவை சிகிச்சை செய்தார். வெளிப்பக்க ஜவ்வு சீர் செய்யப்பட்டது. 2009-ல் போட்ட ஏசிஎல் மறுபடி போயிருந்தது. நல்ல நிலையில் இருந்த இடது முழங்காலிலிருந்து ஜவ்வை எடுத்து வலது காலில் வைத்தார்கள். ஒரே மூட்டில் இரண்டாவது முறை செய்யும் சிகிச்சை முதல் தடவை போல எளிதில்லை.

அவசரம்

அன்றைக்கு எல்லோர் வாயிலும் இருந்த பெயர் ஏட்ரியன் பீட்டர்சன். 2011 டிசம்பர் 24-ல், இதே ஃபெடெக்ஸ்ஃபீல்டில்தான், அவருக்கு ஏசிஎல் கிழிந்தது. ஆண்ட்ரூஸ்தான் சிகிச்சை செய்தார். பீட்டர்சன் ஒன்பது மாதத்தில் திரும்பி 2012 சீசனில் 2,097 யார்டு ஓடினார். அதைப் பார்த்துவிட்டு கிரிஃபினும் திரும்பிவிடுவார் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். அடிடாஸ் நிறுவனம் முதல் வாரத்துக்கே தயார் என்று அவரை வைத்து விளம்பரமே ஓட்டியது. மருத்துவ முடிவு ஒரு தேதியோடு கட்டப்பட்டது.

பயிற்சி ஆட்டம் ஒன்று கூட ஆடாமல் 2013 செப்டம்பர் 9-ல் நேரே இறங்கினார். அந்த வருடம் 13 ஆட்டம், 3 வெற்றி, 16 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். ஓட்டத்தில் ஒரு டச்டவுன் கூட இல்லை. கடைசி மூன்று ஆட்டங்களில் ஷனஹன் அவரை உட்கார வைத்தார், அடிபடாமல் காப்பாற்ற என்றார். ஒரு வருடம் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய காரணம். சீசன் முடிந்த மறுநாள் ஷனஹனின் வேலை போனது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். 2014-ல் புது கோச், இரண்டாவது ஆட்டத்தில் இடது கணுக்கால் பிசகியது. 2015-ல் கசின்ஸ் நிரந்தரமானார். கிரிஃபின் ஒரு ஸ்னாப் கூட ஆடவில்லை. 2016-ல் கிளீவ்லேண்ட், முதல் ஆட்டத்திலேயே தோளில் எலும்பு முறிவு; டிசம்பர் 24-ல் அந்த அணி அந்த சீசனில் பெற்ற ஒரே வெற்றியில் அவர்தான் குவாட்டர்பேக். 2017-ல் எந்த அணியும் கூப்பிடவில்லை. வாழ்நாள் முழுக்க ஓடிய 1,809 யார்டில் 815 முதல் சீசனுடையது.

ஓட்டத்தின் மேல் பழி போடுகிறவர்களுக்கு அதே டிராஃப்டிலேயே பதில் இருக்கிறது. முதலிடத்தில் போன ஆண்ட்ரூ லக் பெரும்பாலும் நின்று எறிகிறவர். தோள், சிறுநீரகம், கெண்டைக்கால் என்று அடிமேல் அடி வாங்கி, 2019 ஆகஸ்டில் 29 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். கிரிஃபின் அவரைவிட ஒரு வருடம் கூடுதலாகக் களத்தில் இருந்தார். மூன்றாம் சுற்றில் போன ரசல் வில்சன், ஜனவரி 6 அன்று எதிரணியில் நின்று 67 யார்டு ஓடியவர், அடுத்த சீசனிலேயே சூப்பர் போல் ஜெயித்து பத்து வருடத்துக்கு மேல் ஆடினார். அவருக்குச் சரியான நேரத்தில் சறுக்கி உட்காரத் தெரியும். கிரிஃபினுக்கு அது கடைசி வரை சரியாக வரவில்லை, தடை ஓட்டக்காரர் போல நிமிர்ந்தே ஓடினார். அந்தக் குறை அவருடையதுதான்.

பால்டிமோரும் அதன் பிறகும்

2018-ல் ரேவன்ஸ் அவரை எடுத்தது. அந்த வருட டிராஃப்டில் வந்த குவாட்டர்பேக் லமார் ஜாக்சனுக்குத் துணையாக மூன்று வருடம் பெஞ்சில் இருந்தார். 2019-ல் ஜாக்சன் 1,206 யார்டு ஓடி, மைக்கேல் விக் 2006-ல் வைத்த குவாட்டர்பேக் ஓட்டச் சாதனையை முறியடித்து, ஒரு ஓட்டு கூடப் பிசகாமல் எம்விபி (சீசனின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்) ஆனார். அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில் நலமாக இருந்த ஜாக்சனுக்கு கோச் ஜான் ஹார்பா ஓய்வு கொடுத்தார், முதலிடம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால். அவருக்குப் பதில் இறங்கி பிட்ஸ்பர்கை 28-10 என்று ஜெயித்தவர் கிரிஃபின்.

2020 டிசம்பர் 2, மறுபடி பிட்ஸ்பர்க். ஜாக்சனுக்குக் கோவிட். கிரிஃபின் 33 யார்டு எறிந்து 68 யார்டு ஓடினார். தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அதோடும் ஆடிப் பார்த்தார். அதுதான் கடைசி ஆட்டம்.

2022 டிசம்பரில் ஜாக்சனுக்கு முழங்காலில் பின்பக்க ஜவ்வு சுளுக்கியது. ஓடும்போது இல்லை, எறிய நின்ற இடத்தில் பிடித்துத் தள்ளப்பட்டபோது. ஜனவரியில் பிளேஆஃப். சம்பள ஒப்பந்தம் நிலுவையில். வா, ஆடு என்று எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கினார்கள். முழங்கால் இன்னும் உறுதியாக இல்லை என்று ஜாக்சன் வெளிப்படையாக எழுதிவிட்டு ஆட மறுத்தார். அணி தோற்றது, திட்டு வாங்கினார். ஏப்ரலில் 260 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது, அடுத்த சீசனில் இரண்டாவது எம்விபி.

வாஷிங்டனில் இப்போது ஜெய்டன் டேனியல்ஸ். கிரிஃபின் போலவே டிராஃப்டில் இரண்டாவது இடம், 2024-ல் 891 யார்டு ஓடி கிரிஃபினின் ரூக்கி சாதனையை முறியடித்தவர். 2025 நவம்பர் 2, எதிரணி சியாட்டில், பெயர் மாறிய அதே மைதானம். 38-7 என்று ஆட்டம் கைவிட்டுப் போன பிறகும், நான்காம் கால் பகுதியில் டேனியல்ஸ் களத்தில் இருந்தார். இடது முழங்கை மூட்டு விலகியது. அவரை முன்பே வெளியே எடுத்திருக்க வேண்டும், தவறு என்னுடையது என்று கோச் டேன் குவின் ஒப்புக்கொண்டார். டிசம்பரில் டேனியல்ஸ் திரும்பினார், அதே முழங்கையில் மறுபடி அடி. இந்த முறை அணியே முடிவெடுத்து மீதி சீசன் முழுக்க அவரை உட்கார வைத்தது.